வெஸ்ட் பாயின்ட்டில் கவிதை வகுப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, என் அண்ணன் பேத்தி அமெரிக்காவில் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தை முதன்மைப் பாடமாக எடுத்துப் படிக்கிறாள் என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்துவிட்டு, இந்த முறை இதையே வைத்துக்கொள்ளலாம் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். அவள் பெயரைப் போடக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. நான் அவளுக்கு அத்தைப் பாட்டி, ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை. இந்த இரண்டு தகுதியில்தான் பதில் சொல்கிறேன்.

துப்பாக்கி பிடிக்கப் போகிற பெண்ணுக்கு ஷெல்லியும் கீட்ஸும் எதற்கு மேடம்? அரசாங்கப் பணத்தில் இப்படியும் ஒரு படிப்பா?
ச.மு., தென்காசி

அரசாங்கப் பணம்தான், சந்தேகமில்லை. படிப்புக் கட்டணம் கிடையாது. தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. போதாததற்கு மாதச் சம்பளம் வேறு. அதற்குப் பதிலாகப் பட்டம் வாங்கியதும் குறைந்தது 5 வருஷம் ராணுவத்தில் அதிகாரியாக வேலை பார்க்க வேண்டும்.

ஆனால் ஷெல்லியை மடியில் வைத்துக்கொண்டு ஹட்சன் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கும் படிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். 1802ல் தொடங்கிய அந்தக் கல்லூரி ரொம்ப காலம் பொறியாளர்களை உருவாக்கும் இடமாகவே இருந்தது. அந்த வாசனை இன்னும் போகவில்லை. இலக்கியம் எடுத்தாலும் கணக்கு, இயற்பியல், வேதியியல், கொஞ்சம் பொறியியல் எல்லாம் படித்தே ஆக வேண்டும். கடைசியில் கையில் கிடைப்பது பி.ஏ. பட்டம் இல்லை, அறிவியல் பட்டம். மில்டனைக் கரைத்துக் குடித்தவளுக்கும் மெக்கானிக்கல் படித்தவனுக்கும் அதே பட்டம்தான். என் அண்ணனுக்கு இதில் பரம திருப்தி. பேத்தி சயின்ஸ் டிகிரி வாங்கப் போகிறாள் என்று சொந்தக்காரர்களிடம் தைரியமாகச் சொல்லிக்கொள்கிறார்.

வேதியியலில் அங்கே கோட்டை விட்டவர்களில் பெரிய பெயர் ஓவியர் ஜேம்ஸ் விஸ்லர். 1854ல் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். சிலிக்கன் மட்டும் வாயுவாக இருந்திருந்தால் நான் மேஜர் ஜெனரல் ஆகியிருப்பேன் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டிருந்தாராம். எங்கள் வீட்டுப் பெண்ணும் அணிவகுப்புக்குப் பயந்ததைவிட கெமிஸ்ட்ரிக்குத்தான் அதிகம் பயந்தாள். எப்படியோ தேறிவிட்டாள்.

எதற்கு என்று கேட்டீர்கள். ராணுவ அதிகாரியின் வேலையில் பெரும்பகுதி சொல்லும் எழுத்தும்தான் சார். குண்டு விழும் இடத்தில் இருப்பவனுக்கு ஒரே வாசிப்பில் புரிகிற மாதிரி உத்தரவு எழுத வேண்டும். செத்துப்போன சிப்பாயின் அம்மாவுக்குக் கடிதம் எழுத வேண்டும். முதலாவதைக் கையேடு வைத்துச் சொல்லிக்கொடுத்துவிடலாம். இரண்டாவதை எந்தக் கையேட்டிலிருந்து சொல்லிக்கொடுப்பீர்கள்?

ராணுவக் கல்லூரியில் இலக்கிய வகுப்பு எப்படி நடக்கும்? வாத்தியாருக்கு சல்யூட் அடித்துவிட்டு ஷேக்ஸ்பியர் படிப்பார்களா? அவர் சொல்வதை மறுத்துப் பேச முடியுமா?
ஒரு வாசகி, ஈரோடு

சல்யூட் உண்டு. வகுப்பு தொடங்கும்போது எல்லோரும் விறைப்பாக நிற்க, ஒரு மாணவர் முன்னால் வந்து, இத்தனை பேர் இருக்கிறோம் என்று சல்யூட் வைத்து அறிக்கை கொடுப்பார். அப்புறம்தான் உட்கார்வார்கள். வகுப்புக்குப் பதினெட்டுப் பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். வராமல் இருப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. முப்பது வருஷம் எண்பது பேர் வகுப்பில் தொண்டை கிழியக் கத்தியவள் நான். இதைக் கேட்டதும் வயிறு எரிந்தது.

தூக்கம் வந்தால் யாரும் திட்டுவதில்லை. தூங்கி வழிகிறவர் தானே எழுந்து போய்ப் பின்சுவர் ஓரம் நின்றுகொண்டு பாடம் கேட்கலாம். விடிவதற்கு முன்னால் எழுந்து ஓடிவிட்டு வருகிற பிள்ளைகள், பாவம். சில நாள் பாதி வகுப்பு நின்றுகொண்டிருக்குமாம்.

பாடம் எடுப்பவர்களில் பலர் கேப்டன், மேஜர் பதவியில் இருக்கும் அதிகாரிகள். ராணுவமே அவர்களை வெளிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி எம்.ஏ. படிக்க வைத்து, சில வருஷம் இங்கே கற்பிக்கச் சொல்லி, பிறகு படைப்பிரிவுக்குத் திருப்பி அழைத்துக்கொள்ளும். சிவில் பேராசிரியர்களும் உண்டு. எலிசபெத் சாமெட் என்பவர் 1997 முதல் அங்கே இலக்கியம் கற்பிக்கிறார். தன் வகுப்பு அனுபவங்களையும், மாணவர்கள் போருக்குப் போய் அங்கிருந்து எழுதியதையும் வைத்து 2007ல் ‘சோல்ஜர்ஸ் ஹார்ட்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். கிடைத்தால் படியுங்கள்.

மறுத்துப் பேச முடியுமா என்பதுதான் நல்ல கேள்வி. முதல் வருஷ மாணவர்களை அங்கே ‘ப்ளீப்’ என்பார்கள். சீனியர் எது கேட்டாலும் ப்ளீப் சொல்ல அனுமதிக்கப்பட்ட பதில்கள் நாலே நாலு. ஆமாம் சார். இல்லை சார். சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை சார். சார், எனக்குப் புரியவில்லை. அவ்வளவுதான். ஷூ ஏன் பளபளக்கவில்லை என்று கேட்டால், ராத்திரி காய்ச்சல் என்று சொல்ல முடியாது. மூன்றாவது பதில்தான்.

இதோடு மனப்பாடம் வேறு. வளாகத்தில் இருக்கும் லஸ்க் நீர்த்தேக்கத்தில் எத்தனை காலன் தண்ணீர்? மறுகால் வழியும்போது 7 கோடியே 80 லட்சம் காலன். கல்லம் ஹாலில் எத்தனை விளக்கு? 340. பசு எப்படி இருக்கிறது என்று ஒரு கேள்வி. அதற்கு, அவள் நடக்கிறாள், பேசுகிறாள் என்று ஆரம்பித்து ஒரு கிறுக்குத்தனமான வசனத்தை மூச்சு விடாமல் ஒப்பிக்க வேண்டும். அதில் எதுகை மோனையெல்லாம் பிரமாதமாக இருக்கும்.

இப்படி நாலு பதிலும் ஒரு மூட்டை மனப்பாடமுமாக ஓடி வந்து இலக்கிய வகுப்பில் உட்காருகிற பிள்ளையிடம், இந்த வரியைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று ஒரு மேஜர் கேட்கிறார். முதல் வாரம் யாருக்கும் வாய் வரவில்லை என்றாள். சரியான பதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். அது எங்கேயும் இல்லை என்று தெரிந்ததும் சிலருக்குக் கோபமே வந்ததாம்.

அவள் போனில் சொன்ன ஒரு வகுப்பைச் சொல்கிறேன். ராண்டல் ஜாரல் 1945ல் வெளியிட்ட கவிதை, மொத்தமே ஐந்து வரி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க குண்டுவீச்சு விமானங்களின் வயிற்றுக்கு அடியில் கண்ணாடிக் கூண்டு மாதிரி ஒன்று தொங்கும். உள்ளே ஒருவன் குறுகி மடங்கி உட்கார்ந்து இரட்டை எந்திரத் துப்பாக்கியால் சுடுவான். சின்ன உடம்புக்காரனாகப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். செத்துப்போன அந்தச் சிப்பாயே பேசுகிற மாதிரி கவிதை. அம்மாவின் தூக்கத்திலிருந்து அரசாங்கத்தின் வயிற்றில் வந்து விழுந்தேன் என்று ஆரம்பித்து, நான் செத்ததும் என்னைக் கூண்டிலிருந்து ஹோஸ் பைப் வைத்துக் கழுவி எடுத்தார்கள் என்று முடிகிறது.

என் வகுப்பாக இருந்தால் கர்ப்பப்பை, கூண்டு, படிமம் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டிருப்பேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டிருப்பார்கள். அங்கே, பொறியியல் படிக்கிற ஒரு பையன் அந்தக் கூண்டு எப்படிச் சுழலும் என்று முதலில் விளக்கியிருக்கிறான். அது முடிந்ததும் பின்சுவர் ஓரம் நின்றுகொண்டிருந்த ஒரு பெண், கழுவினது யார் என்று கேட்டாளாம். கவிதையில் ‘அவர்கள்’ என்றுதான் இருக்கிறது. தரைப் பணியாளர்களாக இருக்கும் என்று ஒருத்தன். அந்தப் பணியாளனுக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயசுதானே இருக்கும் என்று இன்னொருத்தி. அவனிடம் ஹோஸைக் கொடுத்துக் கழுவச் சொன்ன அதிகாரி யார்? அந்த உத்தரவை எந்த வார்த்தையில் சொல்லியிருப்பார்? அடுத்த விமானத்துக்கு அந்தக் கூண்டு நாளைக் காலை வேண்டுமே, கழுவாமலும் இருக்க முடியாதே?

மேஜர் எதற்கும் பதில் சொல்லவில்லையாம், மணி அடிக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாராம். இந்தக் கவிதையை நானும் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். ஹோஸைப் பிடித்திருந்த கையைப் பற்றி என் வகுப்பில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்கவும் காரணமில்லை. அவர்களில் யாரும் நாளைக்கு அந்த உத்தரவைப் போட வேண்டியவர்கள் இல்லையே.

உங்கள் பேத்திக்குப் பிடித்த ஆங்கிலக் கவிஞர் யார்?
கே.வி., காரைக்குடி

கேட்டேன். “யார் குறைச்சலா எழுதியிருக்காங்களோ அவங்க, பாட்டி” என்றாள்.

எட்கர் ஆலன் போ வெஸ்ட் பாயின்ட்டில் படித்தவர் என்றும், அணிவகுப்புக்கு நிர்வாணமாக வந்ததால் துரத்தப்பட்டார் என்றும் படித்தேன். உண்மையா?
ஆர்.ஜே., நாகர்கோவில்

படித்தது உண்மை, துரத்தப்பட்டதும் உண்மை. நடுவில் இருப்பது கட்டுக்கதை. வெள்ளைக் கையுறையும் தோள் பட்டையும் மட்டும் போட்டுக்கொண்டு வந்தார் என்று சொல்வார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. ராணுவ நீதிமன்றத்தில் அவர்மீது சொன்ன குற்றங்கள் ரொம்பச் சாதாரணம். அணிவகுப்புக்கு வரவில்லை, வகுப்புக்கு வரவில்லை, சர்ச்சுக்குப் போகச் சொன்னால் போகவில்லை. நம் ஊர்க் கல்லூரி ஹாஸ்டலில் பாதிப் பேரை இந்தக் குற்றத்துக்கு வெளியேற்றலாம்.

அவருடைய கதையில் வேறு சுவாரஸ்யம் இருக்கிறது. போ ராணுவத்துக்குப் புதியவர் இல்லை. 1827ல், பதினெட்டு வயதில், பெயரையும் வயதையும் மாற்றிச் சொல்லிச் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவர். பீரங்கிப் படையில் சார்ஜென்ட் மேஜர்வரை போனார். சிப்பாயாக இருந்து அவ்வளவு சீக்கிரம் அந்த இடத்துக்குப் போவது சும்மா இல்லை. அப்புறம் 1830ல் வெஸ்ட் பாயின்ட்டில் சேர்ந்தார். பிரெஞ்சிலும் கணக்கிலும் நல்ல மார்க். ஆனால் வளர்ப்புத் தந்தை பணம் அனுப்பவில்லை, உறவு முறிந்துவிட்டது. இனி இங்கே இருக்கப் போவதில்லை என்று முடிவு கட்டி, வேண்டுமென்றே எல்லாவற்றுக்கும் டிமிக்கி கொடுத்தார். 1831 ஜனவரியில் விசாரணை, பிப்ரவரியில் மூட்டை கட்டிவிட்டார்.

கிளம்பும்போதுதான் வேடிக்கை. கவிதைப் புத்தகம் போடப் போகிறேன் என்று சக மாணவர்களிடம் ஆளுக்கு 1.25 டாலர் சந்தா வாங்கினார். நூறு பேருக்கு மேல் கொடுத்தார்கள். அந்தப் பணத்தை மாணவர்களின் சம்பளக் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ள அனுமதி கொடுத்தவர் சில்வேனஸ் தேயர். கண்டிப்புக்குப் பெயர்போன கல்லூரித் தலைவர். வெளியே அனுப்புகிற கல்லூரியே அச்சுக்கூலிக்கு வழி செய்கிறது, பாருங்கள்!

பையன்கள் ஏன் கொடுத்தார்கள் என்றால், அதிகாரிகளைக் கிண்டலடித்து போ எழுதிய நையாண்டிப் பாட்டுகள் விடுதியில் பிரபலம். அதெல்லாம் புத்தகமாக வருகிறது என்று நம்பினார்கள். நியூயார்க்கில் அச்சாகி வந்ததைப் பிரித்துப் பார்த்தால் ஹெலனின் அழகு, இஸ்ராஃபெல் என்ற தேவதூதனின் வீணை. ஒரு மேஜரைப் பற்றிக்கூட ஒரு வரி இல்லை. ஏமாந்துபோய்த் திட்டித் தீர்த்தார்களாம். புத்தகத்தின் முதல் பக்கத்தில், அமெரிக்க ராணுவக் கல்லூரி மாணவர் படைக்கு மரியாதையுடன் சமர்ப்பணம் என்று போட்டிருக்கிறது. அந்தப் பையன்களின் காசில் வந்த ‘டு ஹெலன்’ கவிதையைத்தான் நான் வருஷா வருஷம் நடத்தினேன், நீங்களும் படித்திருப்பீர்கள்.

எதை வேண்டுமானாலும் படிக்க விடுவார்களா? போருக்கு எதிரான இலக்கியத்துக்குத் தடை இருக்காதா?
பி.எல்., புதுச்சேரி

போருக்கு எதிரானது தாராளமாகப் பாடத்திலேயே இருக்கிறது. வில்ஃப்ரெட் ஓவன் இல்லாமல் போர்க் கவிதை என்று என்னத்தை நடத்துவது? அவரும் அதிகாரிதான். 1918 நவம்பரில், முதல் உலகப் போர் ஓய ஒரு வாரம் இருக்கும்போது இறந்தார்.

தடை வேறு பக்கத்திலிருந்து வந்தது. அனாபொலிஸில் இருக்கும் கடற்படைக் கல்லூரியின் நூலகத்திலிருந்து 2025 ஏப்ரலில் 381 புத்தகங்களை எடுத்துவிட்டார்கள். இனம், பாலினம் பற்றிய புத்தகங்களைக் களையச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் மாயா ஏஞ்சலோவின் சுயசரிதையும் அதில் போயிற்று. ஹிட்லர் எழுதியது அலமாரியில் இருக்க, இது வெளியே போனதைப் பலரும் சுட்டிக்காட்டினார்கள். அடுத்த மாதமே பெரும்பாலானவை திரும்ப அலமாரிக்கு வந்துவிட்டன. அணு ஆயுதம் தாங்கிய நீர்மூழ்கிக் கப்பலை ஒப்படைக்கத் தகுதியான ஆளுக்கு ஒரு சுயசரிதையைப் படித்துத் தாங்கும் சக்தி இருக்காது என்று நினைத்தது என்ன கணக்கோ. இதைப் பற்றிப் பேத்தியிடம் கருத்துக் கேட்டேன். சீருடையில் இருப்பவள் அரசியல் பேசக் கூடாது என்று பேச்சை மாற்றிவிட்டாள். நான் சீருடையில் இல்லை, அதனால் சொல்கிறேன்.

இலக்கியம் படித்ததால் ஒரு தளபதி உருப்பட்டதாக உதாரணம் சொல்ல முடியுமா?
சி.த., விழுப்புரம்

குத்தலாகக் கேட்டாலும் பதில் இருக்கிறது. யூலிசிஸ் கிராண்ட், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பை ஜெயிக்க வைத்த தளபதி, பிற்பாடு ஜனாதிபதி. வெஸ்ட் பாயின்ட்டில் 1843ல் 39 பேரில் 21வது ஆளாகத் தேறியவர். பாடப் புத்தகத்தை இரண்டாம் முறை புரட்டியது அபூர்வம் என்றும், நேரமெல்லாம் கல்லூரி நூலகத்து நாவல்களில் போயிற்று என்றும் அவரே எழுதியிருக்கிறார். வால்டர் ஸ்காட், கூப்பர், வாஷிங்டன் இர்விங் என்று பட்டியலும் கொடுக்கிறார்.

நாவல் படித்ததால்தான் உள்நாட்டுப் போரில் ஜெயித்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஜனாதிபதிப் பதவியெல்லாம் முடிந்து, 1884ல் கூட்டாளி ஒருவன் மோசம் செய்ததில் கையில் காசில்லாமல் நின்றார். அதே வருஷம் தொண்டையில் புற்றுநோய். குடும்பத்துக்கு ஏதாவது வைத்துவிட்டுப் போக வேண்டுமே என்று நினைவுகளை எழுத உட்கார்ந்தார். விழுங்க முடியாது, கடைசியில் பேசவும் முடியாது. துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டுவார். இரண்டு பாகம் எழுதி முடித்த சில நாளில், 1885 ஜூலை 23ல் கண்ணை மூடினார். பதிப்பித்தது மார்க் ட்வைனின் நிறுவனம். குடும்பத்துக்கு நாலு லட்சம் டாலருக்கு மேல் வந்தது.

பணம் கிடக்கட்டும். அந்த உரைநடையைப் பாருங்கள். எதிரி தளபதி லீ சரணடைய வருகிற இடத்தில் லீயின் புத்தம் புது உடுப்பையும் பளபளக்கும் வாளையும் சொல்லிவிட்டு, தான் சாதாரணச் சிப்பாய் உடுப்பில் நின்றதைச் சொல்கிறார். ஜெயித்த பெருமை அதில் கொஞ்சமும் இல்லை. அவ்வளவு காலம், அவ்வளவு வீரத்தோடு போராடியவர் விழுவதைப் பார்த்து மகிழத் தோன்றவில்லை, வருத்தமாகத்தான் இருந்தது என்கிறார். பி.ஏ. மாணவர்களுக்கு நல்ல ஆங்கில உரைநடைக்கு உதாரணமாக இந்தப் பக்கத்தைக் கொடுப்பேன். எழுதினவர் ராணுவக்காரர் என்று கடைசியில்தான் சொல்வேன்.

என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். ஆங்கில இலக்கியம் படிக்க வேண்டும், ராணுவத்திலும் சேர வேண்டும் என்கிறான். அவன் அப்பா, இரண்டும் ஒத்துவராது, ஏதாவது ஒன்றைச் சொல் என்கிறார். வெஸ்ட் பாயின்ட்டுக்கு முயற்சி செய்யலாமா?
ஒரு தாய், திருப்பத்தூர்

வெஸ்ட் பாயின்ட்டை மறந்துவிடுங்கள் அம்மா. அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், அங்குள்ள நாடாளுமன்ற உறுப்பினர் மாதிரி ஒருவரின் பரிந்துரை வேண்டும். வெளிநாட்டு மாணவர்கள் மிகச் சிலர் உண்டு, அவர்களையும் அந்தந்த நாட்டு அரசாங்கம்தான் அனுப்பும். எங்கள் பெண் நியூஜெர்சியில் பிறந்தவள்.

இங்கே இரண்டும் நன்றாகவே ஒத்துவரும். பிளஸ் டூ முடித்ததும் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு எழுதி, புனே பக்கத்தில் கடக்வாஸ்லாவில் இருக்கும் அந்த அகாடமிக்குப் போகலாம். அங்கே மூன்று வருஷப் படிப்புக்கு ஜே.என்.யூ. பட்டம் கிடைக்கும். ஆனால் இலக்கியத்தில் ஊறித் திளைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற பையனுக்கு நான் சொல்வது வேறு. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நல்ல கல்லூரியாகப் பார்த்து பி.ஏ. ஆங்கிலம் சேருங்கள். அந்தக் கல்லூரியில் என்.சி.சி. இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். ‘சி’ சர்டிஃபிகேட் வாங்கிவிட்டால், எழுத்துத் தேர்வு இல்லாமலே நேர்முகத்துக்கு அழைக்கும் தனி வழி ஒன்று உண்டு.

இல்லாவிட்டால் பட்டத்தோடு, ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க யூ.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். தேர்வு. வருஷத்துக்கு இரண்டு முறை வரும். சென்னை பரங்கிமலையில் இருக்கும் ஓ.டி.ஏ. என்ற அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு மட்டும் விண்ணப்பித்தால் ஆங்கிலமும் பொது அறிவும்தான் தாள்கள், கணக்கு கிடையாது. இலக்கியம் படித்த பிள்ளைக்கு இதைவிடச் சாதகமான ஏற்பாடு எங்கே இருக்கிறது? எழுத்தில் தேறினால் எஸ்.எஸ்.பி. என்ற ஐந்து நாள் தேர்வு. படத்தைக் காட்டி நாலு நிமிஷத்தில் கதை எழுதச் சொல்வார்கள், குழுவில் பேசவிட்டுப் பார்ப்பார்கள். நாவல் படிக்கிற பழக்கம் அங்கே கை கொடுக்கும், ஆனால் அதே இடத்தில் சுவர் ஏறிக் குதிக்கவும் சொல்வார்கள். தேர்வானால் பரங்கிமலையில் 49 வாரம் பயிற்சி, அப்புறம் பத்து வருஷப் பணி, விரும்பினால் மேலும் நாலு வருஷம்.

எம்.ஏ. வரை போக ஆசைப்பட்டால் ராணுவத்தின் கல்விப் பிரிவு இருக்கிறது. முதுகலை படித்தவர்களை அதிகாரியாக எடுத்து சிப்பாய்களுக்குப் பாடம் சொல்ல வைப்பார்கள். அதன் பயிற்சிக் கல்லூரி மத்தியப் பிரதேசத்தில் பச்மரி என்ற மலை ஊரில் இருக்கிறது.

வயது வரம்பு ஒவ்வொரு வழிக்கும் வேறு வேறு. தேர்வு அறிவிக்கை வரும்போது அதில் பிறந்த தேதிக் கணக்கைச் சரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கண் பார்வைக்கும் ஒரு அளவு வைத்திருக்கிறார்கள், எனவே ராத்திரி போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் படிக்கிற பையனாக இருந்தால் நல்ல விளக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள்.